நாலு ரகக் கம்ப்யூட்டரும் ஒரு ராகு காலமும்

கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேச வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவன் எவனையும் நான் நம்புவதில்லை. முதலில் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்கிற வேலை பார்த்தேன். இப்போது தூத்துக்குடியில் ஒரு கண்டெய்னர் யார்டில் பார்க்கிறேன். சில வருஷத்துக்கு ஒருமுறை ஒரு புதுக் கூட்டம் புதுச் சாமானோடு வரும். சாமானின் பெயர் மாறியிருக்கும், சட்டையின் கலர் மாறியிருக்கும், பேச்சு மட்டும் மாறாது. உங்களிடம் எந்த ரக மெஷின் இருந்தாலும் கவலை வேண்டாம், தூரத்து மெஷினில் ஓடுகிற புரோகிராமைப் பக்கத்தில் இருப்பது போலவே கூப்பிடலாம், நடுவில் ஒரு கம்பி இருப்பதையே மறந்துவிடலாம் என்பார்கள்.

கம்பியை மறந்தவன் உருப்பட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் கடற்கரையில் சங்கு குளிக்கப் போகிறவர்களிடம் போய், கடலுக்கு அடியில் இருப்பவனும் வள்ளத்தில் இருப்பவனும் ஒரே ஆள் மாதிரிதான் என்று இவர்கள் சொல்லிப் பார்க்கட்டும். கயிறு அசையவில்லை என்றால், கீழே இருப்பவன் சங்கு பொறுக்குகிறானா, மூச்சு முட்டிக் கிடக்கிறானா, கயிறு பாறையில் மாட்டியிருக்கிறதா என்று மேலே இருப்பவனுக்குத் தெரியாது. இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவிலும் இதே கதைதான். பதில் வராத மெஷின் செத்துப்போயிருக்கலாம். மெதுவாக இருக்கலாம். சொன்ன வேலையைச் செய்துவிட்டு, செய்தேன் என்று சொல்ல முடியாமல் இருக்கலாம். இந்தச் சந்தேகத்தை நம் கண்ணில் படாமல் மறைக்கிற சாமானுக்குத்தான் விலை அதிகம்.

எங்கள் யார்டில் மெஷின் நாலு ரகம். கேட்டில் ஒரு லினக்ஸ் மெஷின். எடைமேடையில் ஒரு பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர், உப்புக்காற்று தின்று பின்பக்கமெல்லாம் துருவேறியது. யார்டுக்குள் சுற்றிக் கண்டெய்னர்களைப் பார்வையிடுகிற சர்வேயர்களின் கையில் ஆண்ட்ராய்டு கருவி. ஆபீசில் சர்வர். ஒவ்வொன்றையும் ஒவ்வொருவன் விற்றான். ஒருவன் விற்றதை இன்னொருவன் தொடமாட்டான். எடைமேடைக் கம்ப்யூட்டரை நான்கூடத் தொடக்கூடாது. அது தராசு கம்பெனி பொறுப்பு என்று அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருந்தார்கள்.

ஒரு பெட்டி வெளியே போகலாமா என்று தெரிய வேண்டுமென்றால், கேட்டில் இருப்பவன் எடைமேடைக்குப் போன் போடுவான். எடைமேடையிலிருந்து ஆபீசுக்குப் போடுவார்கள். கண்டெய்னரைத்தான் இங்கே எல்லோரும் பெட்டி என்போம். இந்தப் போன் போடுகிற முறை பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் தப்பான பெட்டி ஒன்றும் வெளியே போனதில்லை. முதலாளிக்கு அது போதவில்லை. பக்கத்து யார்டுக்காரர் என்னமோ வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டார். அவ்வளவுதான் காரணம். அவர் எதையும் வேறு காரணத்துக்காக வாங்கி நான் பார்க்கவில்லை.

சென்னையிலிருந்து விற்பனைக்காரன் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, காலில் கூரான ஷூ. யார்டு தரையில் அந்த ஷூவோடு அவன் நடந்த நடையை லாரி டிரைவர்கள் ரொம்ப நாள் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஏ.சி. அறையில் படம் போட்டான். நடுவில் ஒரு மேகம், சுற்றிலும் நாலு மெஷின், எல்லாவற்றுக்கும் அம்புக்குறி. முதலாளி வாங்கி வைத்திருந்த மக்ரூனை ஒரு கையால் தின்றுகொண்டே பேசினான்.

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "ஒரே பெட்டியப் பத்தி ரெண்டு மெஷின் ரெண்டு விதமாச் சொன்னா, உங்க சாமான் எத நம்பும்?"

"கடைசியா எது சொல்லுதோ அதை சார்."

"கடைசி எதுன்னு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு மெஷினும் டைம் சேர்த்துத்தான் சார் அனுப்பும். லேட்டஸ்ட் டைம் ஜெயிக்கும்."

"எந்த மெஷினோட டைம்?"

அவன் சிரித்தான். சின்னக் குழந்தை எதையோ கேட்டுவிட்டது போலச் சிரித்தான். "இந்தக் காலத்துல எந்த மெஷின் சார் தப்பா டைம் காட்டும்?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "வந்தவங்களப் பேச விடும் வே. எல்லாத்துக்கும் குறுக்க ஒரு கட்டையப் போடாதீரும்."

எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். வேறு எதுவும் கூப்பிட்டால் வேலை போய்விடும்.

சாமானைப் போட்டார்கள். போன் போடுகிற முறையை நிறுத்தினார்கள். கேட் மெஷினின் திரையில் பெட்டி நம்பரைத் தட்டினால் பச்சை வரும் அல்லது சிவப்பு வரும். பச்சை என்றால் கேட் கம்பு உயரும். முதலாளி, வருகிற ஆளையெல்லாம் கூட்டிக்கொண்டுபோய் அந்தப் பச்சையைக் காட்டினார், புதிதாக வாங்கிய காரைக் காட்டுவது போல.

ஒரு திங்கட்கிழமை காலையில் கருவாட்டுப் பெட்டி ஒன்று வெளியே போனது. காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் கொழும்புக்கு அனுப்புகிற சரக்கில் முதல் பெட்டி அது. எடைமேடையில் ஏறி இறங்கி, எடை சரி என்று பதிவானது. அதற்குப் பிறகுதான் சுங்க அதிகாரி வந்து, அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும், நிறுத்தி வையுங்கள் என்றார். சர்வேயர் தன் கருவியில் 'நிறுத்து' என்று அழுத்தினான். பதிவானது என்று திரையில் டிக் விழுந்தது. கேட்டில் நம்பரைத் தட்டினார்கள். பச்சை வந்தது. கம்பு உயர்ந்தது. பெட்டி போய்விட்டது.

அதிகாரி வந்து பார்த்தபோது பெட்டி நின்ற இடத்தில் டயர் தடம்தான் இருந்தது. துறைமுக வாசலுக்கு முன்னால் லாரியை மறித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். திறந்து கொட்டிப் பார்த்தார்கள். கருவாடு. வேறு ஒன்றும் இல்லை. ஆனால் நிறுத்தச் சொன்ன பெட்டியை வெளியே விட்டது விட்டதுதான். யார்டு லைசென்ஸுக்கே ஆபத்து. முதலாளிக்கு உடனே ஒரு குற்றவாளி வேண்டும்.

விற்பனைக்காரன் அறிக்கை அனுப்பினான். 'நிறுத்து' என்ற பதிவுக்குப் பிறகு, எடைமேடை லாகினிலிருந்து 'போகலாம்' என்று மாற்றப்பட்டிருக்கிறது, ஆகவே இது மனிதர் செய்த காரியம், சாமானில் கோளாறு இல்லை என்று எழுதியிருந்தான்.

எடைமேடை லாகின் என்றால் ஒரே ஒரு ஆள்தான். தருவைகுளத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற அக்கா. கணவர் வலைப்படகில் போகிறவர். போனால் பல நாள் கழித்துத்தான் கரைக்கு வருவார். வாய் கொஞ்சம் நீளம். எடைமேடையில் சக்கரத்தை ஒழுங்காக ஏற்றாத டிரைவரை அவர் திட்டுவது கேட் வரை கேட்கும். அதைத் தவிர அவர் மேல் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

முதலாளி அந்த அறிக்கையைப் பார்த்ததும் நேராக எடைமேடைக்குப் போனார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிற நாகரிகம் எல்லாம் அவருக்குக் கிடையாது. வரிசையில் லாரிகள் நின்றன. டிரைவர்கள், கிளீனர்கள், கேட் ஆட்கள், டீ கொண்டுவந்தவர், எல்லோரும் நின்றார்கள்.

"எவ்வளவு வாங்குன பிள்ள?" என்றார்.

"எத வாங்குனேன்?"

"கருவாட்டுப் பெட்டிக்காரன்ட்ட எவ்வளவு வாங்குனன்னு கேக்கேன். திருட்டுப் பெட்டிக்குக் கதவத் தொறந்து விட்டிருக்கியே."

"நான் எடை போட்டேன் அண்ணாச்சி. கதவு எங்கையில இல்ல. என்னயத் திருடின்னு சொல்லுதியளா?"

"மிஷினு சொல்லுது. நான் சொல்லல."

இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை என் வேலையில் நான் கேட்டதில்லை. எத்தனையோ பேர் வேறு வேறு ஊரில் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். மனுஷனுக்குத் தைரியம் இல்லாதபோதெல்லாம் மெஷின் வாயைத் திறந்துவிடும்.

விசாரணை முடிந்ததும் வேலையை விட்டு எடுப்பது, போலீசில் புகார் கொடுப்பது என்று முடிவு. ஆனால் விசாரணை முடிகிறவரை அவரே எடை போட வேண்டும். ஏனென்றால் அந்தத் துருப்பிடித்த மெஷினை ஓட்ட வேறு ஆளுக்குத் தெரியாது. திருடி என்று சொன்ன அதே கையில் எடைமேடையைக் கொடுத்துவிட்டு இவர்கள் சாப்பிடப் போனார்கள். இதில் உள்ள வெட்கங்கெட்டதனம் ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

செய்தி லாரியிலேறி அன்றைக்கே தருவைகுளம் போய்ச் சேர்ந்தது. கணவர் கரைக்கு வந்து படகிலிருந்து மீன்கூட இறக்கவில்லை. "ஒம் பொண்டாட்டி பெட்டி கடத்துதாளாமே" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். மனுஷன் அடிதடிக்குப் போய்விட்டார்.

எனக்கு அந்த அறிக்கையை அனுப்பச் சொன்னேன். அதில் உள்ள நேரங்களைப் பார்த்தேன். கேட் மெஷின் கணக்குப்படி பெட்டி ஒன்பது மணிக்கு முன்பே வெளியே போய்விட்டது. எடைமேடைக் கணக்குப்படி, ஒன்பது மணிக்குப் பிறகுதான் அது எடைமேடையில் ஏறியிருக்கிறது. அதாவது போன பெட்டியை, போன பிறகு எடை போட்டிருக்கிறார்கள். ஒருத்தியைத் திருடி என்று எழுதி அனுப்பிய படித்த முட்டாள், தான் எழுதியதை ஒருமுறை படித்துக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலையில் போய் எடைமேடை அறைக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"எம்மேல நம்பிக்க இல்லாம காவலுக்கு வந்துருக்கியளா தம்பி?" என்றார் அக்கா.

"மெஷின் மேல நம்பிக்க இல்லாம வந்துருக்கேன்க்கா."

"அது மேலயா? அதுதான் சாட்சி. அதுக்கு நாற்காலி போட்டு மால போட்டு வச்சிருக்கு. ஸ்டூலு எங்களுக்குத்தான்."

முதல் லாரி மேடையில் ஏறப் போகும்போது போன் அடித்தது. அக்கா எடுத்தார். "சரி அண்ணாச்சி" என்று வைத்தார். திரையின் மூலையில் இருக்கிற கடிகாரத்தை அழுத்தினார். எட்டு மணி சுமாருக்கு இருந்ததை ஒன்பதைத் தாண்டி நகர்த்தினார். பிறகு எடை போட்டார். சீட்டு அச்சாகி வந்தது. கடிகாரத்தைத் திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். உலைக்கு அரிசி போடுகிற மாதிரி, யோசிக்காமல் கை செய்தது.

"என்னக்கா பண்ணுதிய?"

"என்னத்தப் பண்ணுதேன். ராகு காலம்லா. தள்ளி வச்சேன்."

"யாருக்கு ராகு காலம்? ஒங்களுக்கா?"

"எனக்கு என்ன ராகு கேது? நேத்து மாதா கோயில்ல ரெண்டு பூசை கண்டவ நான்." போனைக் கண்ணால் காட்டினார். "அவுகளுக்கு. புதுச் சரக்குக்கு மொதப் பெட்டி சீட்டுல ராகு காலத்து நேரம் விழக்கூடாதாம். நான் சேந்த நாள்லேர்ந்து இதான் நடக்கு. மொதல்ல மிஷினு தானா நேரத்த சரி பண்ணிக்கிடும். வைரஸுன்னு சொல்லி தராசுக்காரங்கிட்ட அத நிப்பாட்டச் சொல்லிட்டாவ."

ராகு காலம் பார்க்கிற ஆளை எனக்குப் புரியும். என் வீட்டிலும் பார்ப்பார்கள். ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், அது முடிந்ததும் புறப்படுவார்கள். முதலாளிக்கு அந்த ஒன்றரை மணி நேரமும் வீணாகக்கூடாது, ராகுவும் பார்க்கக்கூடாது. சாமியையும் ஏமாற்ற வேண்டும், லாரியும் நிற்கக்கூடாது. இப்படி ஒரு பக்தியை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

கருவாட்டுப் பெட்டிக்கு நடந்தது இதுதான். ஒன்பதைத் தாண்டின மாதிரி ஒரு பொய் நேரத்தோடு எடைமேடை 'போகலாம்' என்றது. சர்வேயரின் கருவி எட்டரை என்ற நிஜ நேரத்தோடு 'நிறுத்து' என்றது. சென்னைச் சாமான் இரண்டையும் பார்த்து, ஒன்பதுதான் புதுசு, எட்டரை பழசு என்று முடிவு கட்டி 'நிறுத்து' என்பதைக் குப்பையில் போட்டது. சத்தம் போடவில்லை. யாரையும் கேட்கவில்லை. டிக் மட்டும் கொடுத்தது.

மேல் அறையில் விசாரணை வைத்தார்கள். விற்பனைக்காரன் அதே ஷூவோடு வந்திருந்தான். காயல்பட்டினத்து வியாபாரியையும் வரச் சொல்லியிருந்தார்கள். வயசானவர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். தன் பெயரும் கெட்டுப்போச்சே என்கிற கோபத்தில் வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

நான் பேசப் போனால் குறுக்கே கட்டை போடாதீரும் என்பார் முதலாளி. அதனால் பேசவில்லை. எல்லோரையும் கீழே கூட்டிக்கொண்டு போனேன். இல்லாத பெட்டி ஒன்றுக்கு நம்பர் கொடுத்தேன். எடைமேடைக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினேன். அக்கா 'போகலாம்' போட்டார். ஆண்ட்ராய்டு கருவியை விற்பனைக்காரன் கையில் கொடுத்தேன்.

"நிறுத்துன்னு அழுத்துங்க."

அழுத்தினான். டிக் வந்தது. கேட் திரையைக் காட்டினேன். பச்சை.

"இன்னொரு தடவ."

பச்சை.

"எத்தன தடவ வேணும்னாலும் அழுத்துங்க. இந்தக் கடியாரத்த நிஜ நேரம் தாண்டுற வரைக்கும் உங்க சாமான் உங்க பேச்சையே கேக்காது."

அவன் முகத்தில் வெட்கம் வரும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இவர்களுக்கு வைத்துப் படைக்கவில்லை. "சார், இது புராடக்ட் இஷ்யூ இல்ல. கஸ்டமர் சைடு கிளாக் பிராப்ளம்" என்றான்.

"போன வாரம் மனுஷி பிராப்ளம்னு எழுதுனீங்களே. இப்ப மனுஷி போயி கடியாரம் வந்துட்டா?"

முதலாளி, "கடியாரத்தத் தள்ளுனது இந்தப் பிள்ளதான?" என்றார். கடைசிக் கிளையையும் விடாமல் பிடித்துப் பார்த்தார் மனுஷன்.

வியாபாரிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "கொஞ்சம் பொறுங்க. எம்பெட்டிக்கு ராகு காலம் பாத்தீங்களா? எங்களுக்கு ஏது அண்ணாச்சி ராகு காலம்? நான் கேட்டேனா?"

"நானும் கேக்கல காக்கா," என்றார் அக்கா. "போன் வரும். தள்ளுவேன். யாரு போனுன்னு எல்லாருக்கும் தெரியும்."

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் தன் போனை எடுத்து, வராத அழைப்பு ஒன்றுக்கு "சொல்லுங்க சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் மூடிப் பூச ஏற்பாடு நடந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று சுங்கத்துக்கு எழுதினார்கள். விற்பனைக்காரன், நாலு மெஷினின் நேரத்தையும் ஒழுங்குபடுத்த இன்னொரு சாமான் இருக்கிறது, அதையும் வாங்கிவிடுங்கள் என்றான். எந்த மெஷினிலும் ஏற்கெனவே இருக்கிற, இலவசமான, இவர்களே நிறுத்திவைத்த வசதி அது. அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தான். முதலாளி அதையும் வாங்கினார். எடைச் சீட்டில் இனிமேல் நேரமே அச்சாக வேண்டாம், தேதி போதும் என்று உத்தரவு போட்டார். இதற்கு முன்பே அதைச் செய்திருந்தால் கடிகாரத்தையே தொட்டிருக்க வேண்டாம். அது அவர் புத்தியில் ஏற ஒருத்தி திருடியாக வேண்டியிருந்தது.

அக்காவிடம் மேனேஜரை அனுப்பி, பழையபடி வேலையைப் பார்க்கலாம் என்று சொல்லச் சொன்னார். அக்கா அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். லாரிகள் ஹாரன் அடித்தன. வரிசை ரோடு வரை போனது. முதலாளியே இறங்கி வந்தார்.

"என்ன பிள்ள, அதான் ஒண்ணுமில்லன்னு ஆயிப்போச்சே. தொறந்து வேலயப் பாரு."

"ஒண்ணுமில்லன்னு எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். இவங்களுக்குத் தெரியாதுல்லா." வரிசையைக் காட்டினார். "எல்லாரையும் வச்சிக்கிட்டு இங்கன நின்னுதான் திருடின்னிய. இங்கனயே நின்னு மாத்திச் சொல்லுங்க. ஊருக்குள்ள எம்புருசன் ஒவ்வொருத்தங்கிட்டயா அடிவாங்கிச் சொல்ல முடியாது."

"ஆபீசுல வச்சுப் பேசுவோம்."

"ஆபீசுல வச்சா கேட்டிய?"

ஹாரன் நின்றது. கிளீனர்கள் வண்டியிலிருந்து இறங்கி வந்து நின்றார்கள். என் யார்டில் இப்படி ஒரு கவனமான கூட்டத்தை நான் பார்த்ததில்லை. முதலாளி ஒரு லாரி டயரைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பிள்ள மேல தப்பு ஒண்ணும் இல்ல" என்றார். டயர் கேட்டிருக்கும்.

"காது கேக்கல அண்ணாச்சி."

தலையைத் தூக்கினார். காது மடல் சிவந்திருந்தது. "இந்தப் பிள்ள ஒண்ணும் எடுக்கல. நான் தெரியாமச் சொல்லிட்டேன். போதுமா?"

"மிஷினு சொன்னதா, நீங்க சொன்னதா?"

"நான்தான் சொன்னேன்," என்றார்.

அக்கா எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். முதல் லாரி மேடையில் ஏறியது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி டிரைவரைப் பார்த்தார். "ஏலே, பின்சக்கரம் வெளிய நிக்குது. கண்ண எங்க வச்சிருக்க? இன்னும் கொஞ்சம் முன்னால எடு."